எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் விழா நடத்தலாமா?

பாந்தியன்சாலை எழுதியது:

எழும்பூர் அரசு அருங்காட்சியக வளாகத்தில் ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தலாம் என்று எங்கள் வாசகர் வட்டத்தில் பேச்சு எழுந்துள்ளது. சென்னை வரலாறு குறித்து ஒரு மணி நேர உரை, அதைத் தொடர்ந்து வில்லுப்பாட்டு, இறுதியில் தேநீர், திட்டம் இவ்வளவுதான். ஆனால் பேசத் தொடங்கிய உடனேயே வட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. பழம்பொருள்கள் இருக்கும் இடத்தை வாடகை மண்டபம் ஆக்குவதற்கு நாமே முதல் செங்கல்லை எடுத்து வைக்கக் கூடாது என்று மூத்தவர்கள் சிலர் கறாராகச் சொல்கிறார்கள். மக்கள் எட்டிப் பார்க்காத அருங்காட்சியகத்தில் எவ்வளவு பெரிய செல்வம் இருந்து என்ன பயன், விழா என்ற பெயரிலாவது நாலு பேர் உள்ளே வரட்டுமே என்பது மற்றவர்களின் வாதம்.

நான் இரண்டாவது கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முத்துக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவில் கைவினைச் சந்தையும் நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. அதைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. எழும்பூர் என்றால் மட்டும் ஏன் கோயில் கருவறைக்குள் செருப்புடன் நுழைந்தது போலப் பதறுகிறார்கள்? மேடை அனுபவம் உள்ளவர்களும், பழம்பொருள் பாதுகாப்பு அறிந்தவர்களும், அரசு நடைமுறை தெரிந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் கருத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்று காத்திருக்கிறோம்.

வகுப்பறை எழுதியது:

ஐயா, தட்சிணசித்ராவை எழும்பூருக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுவது பொருந்தாது. 1996இல் திறக்கப்பட்ட அந்த இடம், செட்டிநாட்டு வீடு, கேரளத்துச் சிரியன் கிறித்தவர் வீடு, நெசவாளர் வீடு என்று தென்னிந்திய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய திறந்தவெளிக் காட்சியகம். வீடு என்பது மனிதர் நுழைந்து உட்கார்ந்து சமைத்துப் பாடிப் புழங்குவதற்காகக் கட்டப்பட்ட பொருள். அங்கே திண்ணையில் அமர்ந்து ஒருவர் பறையடித்தால் காட்சிப்பொருளுக்கு உயிர் வருகிறது என்றுகூடச் சொல்லலாம். எழும்பூரில் இருப்பவை அமராவதி பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள், சோழர் காலச் செப்புத் திருமேனிகள், நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் சேகரித்த கற்கருவிகள். இவற்றில் ஒன்று உடைந்தால் தச்சரை அழைத்து மாற்றிக்கொள்ள முடியாது.

நான் பள்ளியில் வரலாறு கற்பிப்பவள். மாணவர்களை ஆண்டுதோறும் எழும்பூருக்கு அழைத்துச் செல்கிறேன். அவர்கள் கண்ணாடியில் கை வைக்காமல் பார்த்துக்கொள்வதற்கே எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. மாலையில் விருந்தினர்கள் தட்டுடன் உலவுவதை நினைத்தாலே எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

மேடைவிளக்கு எழுதியது:

நாடகங்களுக்கு ஒளியமைப்புச் செய்வது என் தொழில். ஆகவே ஒருபக்கச் சார்பு எனக்கும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'முதல் செங்கல்லை எடுத்து வைக்கக் கூடாது' என்று சொல்பவர்களுக்கு அந்த இடத்தின் பூர்வீகத்தை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. எழும்பூரில் விழா பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறோம். நடந்தது நேர்மாறானது.

இன்று வளாகம் இருக்கும் நிலம் 1778இல் கம்பெனி அதிகாரி ஒருவருக்கு வழங்கப்பட்டது. 1793இல் அவர் அதை நகரத்தின் பொதுக் கேளிக்கைகளை மேற்பார்வையிட்ட 24 பேர் கொண்ட குழுவுக்கு மாற்றிக் கொடுத்தார். 'பாந்தியன்' என்ற பெயரில் அங்கே விருந்தும் நடனமும் நாடகமும் நடந்தன. ஊரின் வெள்ளைக்காரப் பெரிய மனிதர்கள் கூடிக் களித்த இடம் அது. 1821இல் ஆர்மீனிய வணிகர் ஒருவரின் கைக்குப் போய், 1830இல் அரசு அதைத் திரும்ப வாங்கியது. அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது கல்லூரிச் சாலையில். பாந்தியன் வளாகத்துக்கு அது குடிவந்தது 1854இல்தான். அதாவது அந்த மண்ணில் கச்சேரியும் கூத்தும் அரை நூற்றாண்டுக்கு மேல் மூத்தவை.

அதோடு முடிந்ததா? முதல் கண்காணிப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபர் 1855இல் வளாகத்துக்குள்ளேயே உயிருள்ள விலங்குகளைக் கொண்டுவந்து வைத்தார். புலியைப் பார்க்க வந்த கூட்டம் கல்லையும் காசையும் பார்த்துவிட்டுப் போயிற்று. பிறகு விலங்குகள் பூங்கா நகர்ப் பக்கம் மாற்றப்பட்டன. சென்னைவாசிகள் விலங்குக்காட்சியை உயிர் காலேஜ் என்றும் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் அழைத்த காலம் ஒன்று இருந்தது. காணும் பொங்கலன்று இரண்டிலும் கூட்டம் அலைமோதும். கட்டுச்சோற்றுடன் வந்த அந்தக் கூட்டத்தில் கூடத்துக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடாதவர் யார்?

1896இல் கன்னிமரா நூலகம் திறக்கப்பட்ட அதே காலத்தில் அருங்காட்சியக அரங்கும் எழுந்தது. 'மியூசியம் தியேட்டர்' என்று நாங்கள் சொல்லும் அந்த அரைவட்ட அரங்கில் பார்வையாளர் மேடையைச் சுற்றி அணைத்தாற்போல் அமர்கிறார்கள். இத்தாலியப் பாணிக் கட்டடம்; உள்ளே நின்று பேசினால் ஒலிபெருக்கி இல்லாமலே குரல் நன்றாகச் சென்று சேரும். மெட்ராஸ் பிளேயர்ஸ் உட்படப் பல குழுக்கள் அங்கே நாடகம் போட்டிருக்கின்றன. ஒளியமைப்பாளனாக எனக்கு அந்த அரங்கின் மீது சில மனத்தாங்கல்கள் உண்டு என்றாலும், அருங்காட்சியகத்தில் நிகழ்ச்சி நடத்துவது புதுப்பழக்கம் என்று யாராவது சொன்னால் மறுத்தே தீருவேன். பாந்தியன்சாலை ஐயா கேட்பது அந்த அரங்கையா, காட்சிக்கூடத்தையா என்பது தெளிவானால் பாதி சண்டை தீர்ந்துவிடும்.

பாந்தியன்சாலை எழுதியது:

அரங்கம் என்பதுதான் முதல் எண்ணம். ஆனால் வெண்கலக் காட்சிக்கூடத்திலேயே, நடராசர் திருமேனிக்கு அருகில் சிறு மேடை போட்டு உரை நிகழ்த்தினால் மறக்க முடியாத மாலையாக இருக்குமே என்று இளைஞர்கள் சிலர் ஆசைப்படுகிறார்கள். வெளிநாடுகளில் அப்படி நடக்கிறது என்று படங்களையும் காட்டுகிறார்கள்.

செப்புத்திருமேனி எழுதியது:

பழம்பொருள் பாதுகாப்பு வேதியியலில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இளைஞர்களின் ஆசைக்கு நான் பதில் சொல்கிறேன். ஆசை நியாயமானது, இடம்தான் தவறு. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் 'தொடாதே' என்று மட்டும் சொன்னால் அது காவலாளியின் அதட்டல் போலத்தான் காதில் விழும்.

எழும்பூரில் உள்ள செப்புத் திருமேனிகளில் பெரும்பாலானவை நிலத்திலிருந்து எடுக்கப்பட்டவை. ஏர் ஓட்டும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ கிடைத்து, 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின்படி மாவட்ட நிர்வாகம் வழியாக அருங்காட்சியகத்துக்கு வந்தவை. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் கிடந்தபோது மண்ணின் உப்பு செம்புக்குள் இறங்கியிருக்கும். அந்தக் குளோரைடு காற்றின் ஈரத்துடன் சேர்ந்தால் வெளிர்பச்சை நிறத்தில் பொடி பூக்கும். பூக்கும்போது அமிலம் உண்டாகும். அமிலம் மேலும் செம்பை அரிக்கும். அரித்த இடத்தில் மறுபடியும் பொடி பூக்கும். இந்தச் சுழலை ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தியும் வேதிமுறையில் உப்பை வெளியேற்றியும்தான் நிறுத்த முடியும். எழும்பூரில் 1930லேயே இதற்கென ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டு, எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் திருமேனிகளைத் தூய்மைப்படுத்தினார். இந்திய அருங்காட்சியகங்களுக்கு அது முன்னோடி. அப்படிக் காப்பாற்றி வைத்த பொருள்கள் இருக்கும் அறைக்குள் 200 பேரை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவர் மூச்சும் வியர்வையும் ஈரம்தான். குளிர்சாதனத்தை விழாவுக்காக உச்சத்தில் ஓடவிட்டு, கூட்டம் போனதும் நிறுத்திவிட்டால், ஏறி இறங்கும் அந்த ஈரப்பதம் நிலையான ஈரப்பதத்தைவிடக் கொடியது.

இது மூச்சோடு நிற்கும் விஷயமும் அன்று. நம் ஊரில் குத்துவிளக்கு ஏற்றாமல் எந்த விழாவும் தொடங்காது. எண்ணெய்ப் புகையும் கரியும் மேற்பரப்பில் படியும். மாலை, உதிரிப்பூ, வாழைமரம் ஆகியவற்றோடு பூச்சிகள் வரும். மரச்சிற்பமும் துணியும் தாளும் உள்ள கட்டடத்தில் அவற்றுக்கு நல்ல தீனி. வெந்நீரில் சூடாக வைத்த உணவுப் பாத்திரங்களிலிருந்து ஆவியும் எண்ணெய்ப்பிசுக்கும் எழும். நீர்வண்ண ஓவியத்துக்கும் துணிக்கும் பொதுவாக 50 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) ஒளிக்கு மேல் காட்டுவதில்லை. காணொளிக்காரர் ஒருவர் வந்து விளக்கைப் போட்டால் அது எத்தனை மடங்கு ஆகும் என்பதை மேடைவிளக்கு ஐயாதான் சொல்ல வேண்டும். தாழ்ந்த சுருதியில் அதிரும் ஒலிபெருக்கி பேழைக்குள் உள்ள பொருளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தும் என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

அமராவதிச் சிற்பங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவற்றைப் 'பளிங்கு' என்று பலர் எழுதினாலும் அது பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல். 19ஆம் நூற்றாண்டில் காட்சிக்கு வைத்தவர்கள் அவற்றைச் சுவரோடு சுவராகப் பூச்சு வைத்துப் பதித்துவிட்டார்கள். சுவரின் ஈரமும் உப்பும் கல்லுக்குள் ஏறும் தொல்லை அன்று தொடங்கியது. நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாடு எவ்வளவு காலம் தலைவலி கொடுக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகவே என் நிலை இது: அரங்கில் நடத்துங்கள், திறந்தவெளியில் நடத்துங்கள், காட்சிக்கூடத்துக்குள் வேண்டாம்.

திருவீதி எழுதியது:

அம்மா சொல்லும் வேதியியலை மறுக்கும் அறிவு எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் அருங்காட்சியகத்துக்காக வார்க்கப்பட்டவர்களா? அவர்கள் உற்சவர்கள். பீடத்தில் துளையும் வளையமும் இருப்பது தண்டு செருகித் தோளில் தூக்குவதற்காக. மேளமும் தீவட்டியும் பூவும் புகையும் சனக்கூட்டமும் சூழ வீதியில் வலம் வரவே அந்தத் திருமேனிகள் செய்யப்பட்டன. திருவிழாவுக்காகப் பிறந்தவர்களை விழாவிலிருந்து காப்பாற்றுகிறோம் என்பது விந்தையாக இல்லையா?

செப்புத்திருமேனி எழுதியது:

நல்ல கேள்வி, நாங்கள் பணியிலிருந்த காலத்தில் உணவு இடைவேளைகளில் இதைப் பேசிப் பேசிச் சலித்திருக்கிறோம். வழிபாட்டில் இருக்கும் உற்சவரை நாள்தோறும் நீராட்டித் துடைத்துப் பராமரிக்கக் கோயிலில் மனிதர்கள் இருந்தார்கள். மண்ணுக்குள் போகாத செம்பு அது. தொடர்ந்து கைபட்டு மெருகேறிய மேற்பரப்பு அது. எழும்பூரில் உள்ளவற்றின் மேற்பரப்பு பல நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்ததில் மாறிப்போனது. ஒரு காலத்தில் ஓடியாடிய உடம்பு என்பதற்காக நோயுற்ற பின்னும் ஓடச் சொல்ல முடியுமா? ஆனால் உங்கள் கேள்வியின் மறுபாதியை நான் ஏற்கிறேன். தூக்கிச் செல்ல வார்த்த திருமேனி என்பதை ஒரு பார்வையாளருக்கு உணர்த்தாமல், பெயரும் நூற்றாண்டும் மட்டும் எழுதிய அட்டையை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது போதாது. சுவாமி புறப்பாட்டுக்குரிய மல்லாரி இசையை வாசிக்கும் நாகசுரக் கலைஞரை வெளித் திடலில் அமர்த்தி, புறப்பாடு எப்படி நடக்கும் என்று விளக்கிவிட்டு அதன்பின் கூடத்துக்குள் அழைத்துச் சென்றால், அந்த வளையத்தைப் பார்க்கும் கண்ணே வேறாக இருக்கும்.

சிராங்கூன்வாசி எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே இந்த விவாதம் வேறு வடிவத்தில் நடந்து ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. 1887இல் இராஃபிள்ஸ் நூலகமும் அருங்காட்சியகமுமாகத் திறக்கப்பட்ட இன்றைய தேசிய அருங்காட்சியகம், ஆற்றங்கரையில் உள்ள ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம், பழைய உச்ச நீதிமன்றத்தையும் நகர மண்டபத்தையும் இணைத்து 2015இல் திறந்த தேசியக் கலைக்கூடம் ஆகிய எல்லாவற்றிலும் விருந்தும் வரவேற்பும் திருமணமும் நடக்கின்றன. அதற்கெனத் தனி அலுவலர்களும் கட்டணப் பட்டியலும் உண்டு. ஆனால் வாடகைக்கு விடப்படுவது நுழைவு மண்டபம், மாடி முற்றம், புல்வெளி, அரங்கம் போன்ற இடங்களே பெரும்பாலும்.

நம் விவாதத்துக்கு அதைவிடப் பயன்படக்கூடியது இங்குள்ள இரவு விழா. 2008 முதல் பிராஸ் பாசா வட்டாரத்தில் அதை நடத்துகிறார்கள். தேசிய அருங்காட்சியகத்தின் வெண்ணிற முகப்பில் ஒளி ஓவியங்கள் அசையும். புல்வெளியில் கூத்தும் இசையும் நடக்கும். விழா இரவுகளில் அருங்காட்சியகங்கள் வழக்கமான நேரத்தைத் தாண்டியும் திறந்திருக்கும். வேடிக்கை பார்க்க வந்த குடும்பம் அப்படியே படியேறி உள்ளே போய்விடும். ஒளி சுவரின் வெளிப்புறத்தில்தான் விழுகிறது என்பதால் செப்புத்திருமேனி அம்மாவும் ஆட்சேபிக்க மாட்டார் என்று நம்புகிறேன். பெர்லினில் 1997இல் தொடங்கிய அருங்காட்சியகங்களின் நீண்ட இரவும் இதே வழியில் செல்வதுதான். ஒரே சீட்டை வைத்துக்கொண்டு நள்ளிரவு தாண்டியும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம்.

கேம்பெல் சந்தில் 2015 மே மாதம் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தைப் பற்றி இங்குள்ள தமிழனாக ஒரு சொல். 5,000க்கும் மேற்பட்ட நுண்ணிய செதுக்கல்கள் கொண்ட செட்டிநாட்டு நிலைவாசல் அங்கே இருக்கிறது. தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) மளிகை வாங்க வரும் தமிழர்கள் சாதாரண நாளில் அந்தக் கட்டடத்தைக் கடந்து போய்விடுவார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நிகழ்ச்சி வைத்தால் பிள்ளைகளோடு வருகிறார்கள், வந்தவர்கள் நிலைவாசல் முன்னால் நின்று பாட்டி வீட்டுக் கதையைச் சொல்கிறார்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தேசிய அருங்காட்சியகங்களில் 2013 மே 18 முதல் நுழைவுக் கட்டணம் இல்லை என்பதும் கூட்டம் வருவதற்குக் காரணம்தான்.

குறையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனங்களின் ஆண்டு விருந்துக்காக முற்றம் மூடப்பட்டிருக்கும் மாலையில் வெளியூரிலிருந்து வந்த உறவினரை அழைத்துப் போய் வாசலிலேயே திரும்பிய கசப்பு இங்கே பலருக்கு உண்டு. வாடகை வாங்கும் இடம் எதற்கும் இந்த ஆபத்து இருக்கிறது.

கணக்கர் எழுதியது:

அரசுத் துறை ஒன்றில் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இதுவரை பேசியவர்கள் யாரும் பணத்தைத் தொடவில்லை, நான் தொடுகிறேன்.

'வாடகை வந்தால் அருங்காட்சியகத்தைப் பராமரிக்கலாம்' என்ற வாதம் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அரசுத் துறை வசூலிக்கும் கட்டணம் மாநிலத்தின் தொகுநிதியில் போய்ச் சேரும். அரசியலமைப்பின் 266ஆவது உறுப்பு அப்படித்தான் சொல்கிறது. துறைக்கு வரும் செலவுத்தொகை சட்டமன்றம் ஒப்புதல் அளிக்கும் வரவு செலவுத் திட்டத்திலிருந்து வருகிறது. ஆகவே அரங்கை இந்த மாதம் கூடுதலாகப் பத்து நாள் வாடகைக்கு விட்டதால் அடுத்த மாதம் வெண்கலக் கூடத்தில் ஈரம் நீக்கும் கருவி ஒன்று கூடுதலாக வரும் என்று எதிர்பார்க்க வழியில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் மே மாத முதல் திங்கட்கிழமை நடக்கும் ஆடம்பர விருந்தைப் பார்த்து நம்மவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். அந்த விருந்தில் திரளும் நன்கொடை அங்குள்ள ஆடைப் பிரிவின் செலவுக்கே நேராகப் போகிறது. அறக்கட்டளை நடத்தும் தட்சிணசித்ராவிலும் வரும் வருவாய் அந்த நிறுவனத்தின் கையிலேயே இருக்கும். எழும்பூரில் அந்த இணைப்பு அறுந்திருக்கும்போது, கூட்டத்தின் தேய்மானம் அருங்காட்சியகத்துக்கும் வருமானம் பொதுக் கருவூலத்துக்கும் என்று ஆகிவிடுகிறது. விழா நடத்த ஆசைப்படுபவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டு, பணம் காட்டி நியாயப்படுத்தாமல், மக்கள் வருகை என்ற ஒரே காரணத்தில் நின்று கேட்பது நல்லது.

இன்னொன்று. எல்லா அருங்காட்சியகத்துக்கும் ஒரே சட்டம் கிடையாது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் கோட்டை அருங்காட்சியகம் இந்தியத் தொல்லியல் துறையின் கீழ் வருவது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில் கூட்டம், வரவேற்பு, விருந்து, கேளிக்கை எதுவாக இருந்தாலும் மைய அரசின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நடத்தக் கூடாது என்று 1959ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. அந்தக் கட்டடமும் ஒரு காலத்தில் வணிகர்கள் கூடிய இடம்தான், அதன் உச்சியில் சென்னையின் முதல் கலங்கரை விளக்கமே எரிந்தது என்றெல்லாம் பேசி விதியை வளைக்க முடியாது. எழும்பூர், மாநில அருங்காட்சியகங்கள் துறையின் கீழ் இருப்பதால் கேட்பதற்கு இடம் உண்டு.

தமுக்கம் எழுதியது:

மதுரைக்காரன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். எங்கள் ஊரில் இராணி மங்கம்மாள் காலத்துத் தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. காந்தியடிகள் சுடப்பட்டபோது அணிந்திருந்த இரத்தக்கறை படிந்த துணி உள்ளே இருக்கிறது. பக்கத்திலேயே தமுக்கம் திடல். சித்திரைத் திருவிழாக் காலத்தில் பொருட்காட்சி, இராட்டினம், மிளகாய் பஜ்ஜி, ஒலிபெருக்கி என்று திடலே அல்லோலகல்லோலப்பட்ட காலம் உண்டு. அத்தனை கூட்டத்தில் எத்தனை பேர் அடுத்த வாசலுக்குள் நுழைந்தார்கள் என்பதை யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. பக்கத்தில் கூட்டம் இருப்பதும் அருங்காட்சியகத்துக்குக் கூட்டம் வருவதும் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் ஊரில் நடுவே ஒரு சுவர்தான் இருக்கிறது.

வகுப்பறை எழுதியது:

தமுக்கம் நண்பர் சொன்னதுதான் எழும்பூரின் கதையும். காட்சிக்கூடங்கள் மாலை 5 மணிக்கு மூடப்படுகின்றன. வெள்ளிக்கிழமை விடுமுறை. நாடகமோ உரையோ தொடங்குவது 6 மணிக்கோ 7 மணிக்கோ. மியூசியம் தியேட்டருக்கு ஆயிரம் முறை வந்தவர் என்று ஒருவரைச் சொன்னால், அவர் ஆயிரம் முறையும் பூட்டிய வெண்கலக் கூடத்தைக் கடந்து வீட்டுக்குப் போனவர் என்றுதான் பொருள். அரங்கில் உட்கார்ந்திருக்கும் நேரம் முழுவதும், உலகம் முழுவதிலிருந்தும் ஆய்வாளர்கள் தேடி வந்து பார்க்கும் திருமேனிகள் சில நிமிட நடைதூரத்தில் இருட்டில் நிற்கின்றன. விழாவால் அருங்காட்சியகத்துக்குக் கூட்டம் வரும் என்ற வாதத்தின் ஓட்டை இதுதான். பால்ஃபரின் புலியைப் பற்றி மேடைவிளக்கு ஐயா சுவையாக எழுதியிருந்தார். அந்தப் புலி வேலை செய்ததற்குக் காரணம் அதைப் பார்த்த பிறகு காட்சிக்கூடத்தின் கதவு திறந்திருந்தது.

காட்சிக்கூடத்துக்குள் விருந்து கூடாது என்பதில் நான் ஓர் அங்குலமும் அசையவில்லை. ஆனால் நடக்கும் நிகழ்ச்சியோடு திறந்த கூடத்தைச் சேர்த்துக் கேட்பதாக இருந்தால், உங்கள் விண்ணப்பத்தில் என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மாணவர்கள் பகலில் பேருந்திலிருந்து இறங்கி, திமிங்கில எலும்புக்கூட்டின் கீழே நின்று வாய்பிளந்துவிட்டு, மணி அடித்ததும் ஓடிவிடுகிறார்கள். அவர்களின் பெற்றோரில் பெரும்பாலோர் உள்ளே வந்ததே இல்லை. பகல் முழுவதும் வேலை. அவர்களுக்கு மாலைதான் வாய்க்கும்.

மேடைவிளக்கு எழுதியது:

ஆசிரியை அவர்கள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். எங்கள் நாடகக்காரர்கள் ஒருவரும் இதைக் கேட்டதில்லை என்பது உண்மை. எங்களுக்கு மேடை கிடைத்தால் போதும் என்று இருந்துவிட்டோம்.

என் தரப்பிலிருந்து நெருப்பைப் பற்றி ஒரு சேர்க்கை. ரியோ டி ஜெனீரோவில் 1818இல் தோன்றிய பிரேசில் தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2 இரவு எரிந்தது. ஏறக்குறைய இரண்டு கோடிப் பொருள்கள் கொண்ட தொகுப்பின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. தீ தொடங்கிய இடம் எது என்று விசாரணையில் கண்டறிந்தார்கள்: தரைத்தளத்தில் இருந்த கூட்ட அரங்கின் குளிர்சாதனக் கருவி. நம் நாட்டிலேயே தில்லியில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரலில் எரிந்து போனது. அரங்கும் காட்சிக்கூடமும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே மின்தடத்தில் இருந்தால் மேடையில் தெறிக்கும் ஒரு பொறி எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. எழும்பூரில் வெண்கலக் காட்சிக்கூடம் தனிக் கட்டடமாக இருப்பது நம் நல்லூழ். ஆனால் வெளித்திடலில் பந்தல் போட்டுச் சீரியல் விளக்குக் கட்டுகிறவர் அருகில் உள்ள ஏதோ ஒரு சன்னலிலிருந்து மின்சாரம் இழுத்தால் அந்த நல்லூழ் அத்தோடு போயிற்று. நிகழ்ச்சி நடத்துபவர் தம் மின்சாரத்தைத் தாமே கொண்டுவர வேண்டும், காட்சிக்கூடக் கட்டடத்தின் ஒரு செருகியைக்கூடத் தொடக் கூடாது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காணொளி விளக்கைப் பற்றி அம்மா கேட்டிருந்தார். சாதாரணக் கல்யாண வீடியோ விளக்கு ஒன்றைப் பக்கத்தில் பிடித்தாலே அவர் சொன்ன 50 லக்ஸைப் பல மடங்கு தாண்டிவிடும். நாங்கள் மேடையில் போடுவதைக் கேட்கவே வேண்டாம்.

செப்புத்திருமேனி எழுதியது:

மாலையில் கூடத்தைத் திறப்பது வெறும் பூட்டுச் சாவி விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. காவலர் பணிநேரம் நீள வேண்டும், மிகைநேர ஊதியத்துக்கு ஆணை வேண்டும், காப்பாட்சியர் ஒருவர் உடனிருக்க வேண்டும். ஒரு வாசகர் வட்டத்தின் கடிதத்துக்காகத் துறை இத்தனையும் செய்யுமா என்பது ஐயம்தான். கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் கேட்கும்போது ஒரு நிபந்தனையை நீங்களே முன்வந்து சேர்த்துவிடுங்கள்: எந்த நிகழ்ச்சியானாலும், எவர் பரிந்துரைத்தாலும், 'இது ஆகாது' என்று சொல்லும் இறுதி அதிகாரம் பாதுகாப்புப் பிரிவுக்கு இருக்க வேண்டும். நிகழ்ச்சி முடிவாகி அழைப்பிதழ் அச்சான பிறகு எங்களிடம் கருத்துக் கேட்டுப் பயனில்லை. ஒரு நேரத்தில் உள்ளே இருப்பவர் எத்தனை பேர் என்ற வரம்பையும் அவர்களே சொல்லட்டும்.

பாந்தியன்சாலை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இழையை வட்டத்தில் வாசித்துக் காட்டினோம். அருங்காட்சியகத்தின் நேரத்தை மாற்றச் சொல்வதற்கு முன்னால் எங்கள் நேரத்தை மாற்றிக்கொள்ளலாமே என்று எங்களில் இளையவர் ஒருவர் கேட்டார். அதையே செய்வதாக முடிவு செய்துவிட்டோம். நிகழ்ச்சி ஒரு சனிக்கிழமை. அனைவரும் பிற்பகல் 3 மணிக்கு நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு சிறு குழுக்களாக அமராவதிக் கூடத்தையும் வெண்கலக் கூடத்தையும் பார்ப்பார்கள். திருவீதி அவர்கள் உற்சவர்களின் பீடத்து வளையங்களைக் காட்டி விளக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். கூடங்களை மூடும் நேரத்தில் அங்கிருந்து அரங்குக்கு நடந்து சென்றால் 5.15க்கு உரை தொடங்கிவிடும். தேநீர் வாசலுக்கு வெளியே. பூ இல்லை. குத்துவிளக்கு அரங்க மேடையில் மட்டும், அதுவும் துறை அனுமதித்தால். மாலைத் திறப்புக்கான கோரிக்கையைத் தனிக் கடிதமாக அனுப்புகிறோம். கணக்கர் ஐயா வரைவைத் திருத்தித் தர வேண்டும். வகுப்பறை அம்மாவின் கையெழுத்தோடு பெற்றோர் சிலரின் கையெழுத்தும் கிடைத்தால் வலுவாக இருக்கும்.

ஓர் ஐயம் பாக்கி. வில்லுப்பாட்டுக் குழுவினர் ஆறு ஒலிவாங்கியும் பெரிய ஒலிபெருக்கிகளும் கேட்கிறார்கள். தேவைப்படுமா?

மேடைவிளக்கு எழுதியது:

தேவையே இல்லை. அரைவட்ட அரங்கில் பெரிய ஒலிபெருக்கி வைத்தால் ஒலி சுவரில் மோதித் திரும்பிச் சொற்களைக் குழப்பும். பாட்டு முன்னவருக்கு ஒன்று, குடத்துக்கும் உடுக்கைக்கும் பொதுவாகத் தரையில் ஒன்று. பின்பாட்டுக்காரர்களின் குரல் அந்த அரங்கில் தானாகவே கேட்கும். குழுத்தலைவரை வெள்ளிக்கிழமை தவிர்த்து ஏதாவது ஒரு பகலில், துறை அனுமதியோடு, என்னுடன் அரங்குக்கு வரச் சொல்லுங்கள். மேடையில் நின்று ஒரு வரி பாடிப் பார்த்தால் அவரே ஒலிபெருக்கியை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.